பாதி ஜெயிச்சா செலவு யார் தலையில?

"மேல்முறையீடு பகுதியாக அனுமதிக்கப்படுகிறது. செலவுத்தொகை இல்லை." ஐகோர்ட் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினதும் அத்தான் கேட்டார், "அப்ப நாம ஜெயிச்சோமா தோத்தோமா மச்சான்?"

மன்னார்குடிப் பக்கம் சின்ன ரைஸ்மில். மூடி போடாத பெல்ட்டில் அவர் வலது கை போச்சு. இழப்பீட்டு ஆணையர் மில் முதலாளியைப் பணம் கட்டச் சொன்னார். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி, அதுக்கு மேல அபராதம். எங்கள் வழக்கு நடக்கும் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி (2025 நவம்பரில் அது போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது) அபராதம் இழப்பீட்டில் பாதி வரை போகலாம். இழப்பீட்டையும் வட்டியையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். அபராதம் மட்டும் முதலாளியின் சொந்தப் பணம். ஐகோர்ட்டுக்கு ஏன் ஓடினார் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

அபராதத்தோடு நிறுத்தியிருந்தால் நியாயம். "இவர் எங்க ஆளே இல்லை, லாரியோட வந்த லோடுமேன்" என்றும் சேர்த்துப் போட்டார்கள். வாய்தாவெல்லாம் இதுக்குத்தான் போனது. திருவாரூர் மாவட்டம் என்பதால் எங்களுக்குச் சென்னை. வடுவூர் தாண்டித் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் இருந்திருந்தால் மதுரைக் கிளை, கொஞ்சம் கிட்டே. மன்னை எக்ஸ்பிரஸில் ஒற்றைக் கையோடு மேல் பெர்த்து ஏறுவதைப் பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அந்த லோடுமேன் வாதம் கடைசியில் நிற்கவில்லை. அபராதத்துக்கு முன்னால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரவில்லை என்ற பாயின்ட் ஐந்தே நிமிஷம், அதில் ஜெயித்தார்கள்.

"செலவுத்தொகை இல்லை" என்றால் அவரவர் செலவு அவரவருக்கு. கேட்கச் சமமாக இருக்கிறது. வழக்கை இழுத்தது யார், இழுபட்டது யார்? பொதுவாக சிவில் வழக்கில் தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவு தரணும். வேண்டாமென்றால் கோர்ட் காரணம் எழுதணும் என்கிறது நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவு. இரண்டு பக்கமும் கொஞ்சம் ஜெயித்தால் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு நேரம் போனது என்று பார்த்துப் பிரிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்படிப் பிரித்திருந்தால் முக்கால்வாசி மில்காரர் பக்கம் விழுந்திருக்கும் என்பது என் கணக்கு. (அப்போதும் லாட்ஜ் வாடகை, போன நாள் கூலியெல்லாம் செலவுப் பட்டியலில் ஏறாது. ஸ்டாம்பு, சாட்சிக்குத் தரும் பேட்டா, விதியில் அளவு வைத்த வக்கீல் பீஸ், அவ்வளவுதான்.)

அபராத விஷயம் இப்போது ஆணையரிடமே திரும்பியிருக்கிறது. அவர் முன்னால் செலவு கேட்க அந்த 1923 சட்டத்திலேயே 26-ஆம் பிரிவு இருக்கிறது. மனுவில் அதையும் ஒரு பாராவாகப் போடச் சொல்லி, ஊன அளவு சொல்ல வந்த டாக்டரின் பேட்டா ரசீதிலிருந்து எல்லாத்தையும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.