செவ்வாய், வெள்ளி, மாலை ஏழு

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் நம்பர் எழுதிக் கொடுத்து எட்டு நாளாகிறது. இன்றுதான் அடித்தேன். எடுத்தவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இப்ப குடிச்சிருக்கீங்களாங்க?" என்றார். இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை ஏழு மணி, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஸ்கூல், கேட் திறந்திருக்கும், வந்துருங்க. ஃபீஸ் எவ்வளவுங்க என்றேன். சிரித்தார்.

செப்டம்பர் 27, வெள்ளி

போனேன், உள்ளே போகவில்லை. கணபதி ஏரியாவை இரண்டு சுற்றுச் சுற்றி சர்ச்சைக் கண்டுபிடித்து, எதிர் பேக்கரியில் டீயும் பப்ஸும் வாங்கிக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறவர்களில் ஒருத்தரும் குடிகாரர் மாதிரி இல்லை. ஒருத்தர் சட்டையை இன் பண்ணி பேங்க் மேனேஜர் கணக்காக இருந்தார். அடுத்து வந்தவர் நாங்கள் டூல் பிட் வாங்குகிற கடைக்காரர்! சட்டென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கையில் பாதி பப்ஸ்.

செப்டம்பர் 28

மோட்டார் ரூமில் அது இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

உள்ளே போய்விட்டேன். எல்.கே.ஜி. வகுப்பறை. சுவரில் அம்மா, ஆடு, இலை. பெஞ்சு முழங்கால் உயரம்கூட இல்லை, பதினோரு ஆம்பளைகள் முட்டி மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவேன் போலவும் இருந்தது. டூல் கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

பெரியவர் ஒருத்தர் டீ ஊற்றினார். எல்லோருக்கும் முழு டம்ளர், எனக்கு மட்டும் பாதி. புதுசாக வந்தவனுக்கு அரை டீயா என்று கோபம். வாங்கும்போதுதான் புரிந்தது. கை நடுங்கியது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

1935இல் அமெரிக்காவில் அக்ரான் என்கிற ஊரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு சர்ஜனும் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்ததாம் இது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விடணும் என்கிற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி வேண்டாம். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது, பத்து ரூபாய் போட்டேன். ஒவ்வொருத்தரும் பெயர் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். அடுத்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வரும் வழியில் டாஸ்மாக் வாசலில் கூட்டம். நாளை காந்தி ஜெயந்தி, இன்றே வாங்கி வைக்கிறார்கள். வண்டி தானாக மெதுவானது. சத்தியமாக நான் பிரேக் பிடிக்கவில்லை.

அக்டோபர் 2

கடை லீவு என்றால் நிம்மதி என்று நினைத்தேன். எல்லாக் கடையும் மூடியிருக்கிற நாளில் மோட்டார் ரூம் ஒன்றுதான் திறந்திருக்கிறது.

அக்டோபர் 3

காலையில் அளவெடுக்கிற வெர்னியரைப் பிடித்தால் அதன் தாடை ஆடுகிறது. 0.02 மி.மீ. பார்க்க வேண்டிய இடத்தில் ஒரே ஜாப்பை மூன்று தடவை அளந்து மூன்று விதமாக எழுதினேன். பக்கத்து லேத் பையன் ஒன்றும் சொல்லாமல் அளந்து கொடுத்துவிட்டுப் போனான். இருபத்திரண்டு வயது. நான் தொழில் கத்துக்கொடுத்தவன்.

அக்டோபர் 8, செவ்வாய்

முழு டம்ளர்!

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல், வாசலில் பூசணிக்காய். நாலு மணிக்கு முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார்.

அக்டோபர் 12

மீட்டிங் போகவில்லை என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழையில் நனைந்துகொண்டே போனேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், கேட்காமலே பாதி டம்ளர் ஊற்றினார். எப்படித் தெரிந்தது? கை அவ்வளவாக நடுங்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். என் பெயர் இன்னது, நான் குடிநோயாளி, முப்பது நாள் ஆகியிருக்க வேண்டியது, பூஜையன்று ஒரு கட்டிங் என்று ஆரம்பித்து வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள், பாப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். "நன்றி" என்றார்கள், அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அப்பாவின் பதினாறாம் நாள் கதை. அதைக் கேட்டபிறகு என்னுடையது சின்னதாகத் தெரிந்தது, அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மோட்டார் ரூமில் இருப்பதை அன்றைக்கும் தொடவில்லை. அதை ஒரு பெருமை மாதிரி எழுதுகிறேன் பாருங்கள்.

அக்டோபர் 19

தூக்கமில்லை. மூன்று மணி. கடை திறக்க இன்னும் ஒன்பது மணி நேரம் என்று கணக்குப் போடுகிற மூளையை என்ன செய்வது?

அக்டோபர் 22, செவ்வாய்

கிளம்பும்போது மனைவி, "மோட்டார் ரூம் சாவி எங்கே?" என்றாள். ஆணியில் இருக்கிறது என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. மீட்டிங்கில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

அக்டோபர் 23

சாவி ஆணியில் இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளி வாரம் என்று கூட்டம் அதிகம். "தோணுச்சுன்னா முதல் கிளாஸுக்கு முன்னாடி கூப்பிடுங்க தம்பி, அப்புறம் கூப்பிட்டு நானும் என்ன பண்றது" என்று பெரியவர் நம்பர் கொடுத்தார். டீ முக்கால் டம்ளர்.

அக்டோபர் 30, புதன்

போனஸ் கொடுத்துவிட்டார்கள். கவர் சட்டைப்பையில் இருக்கிறது. பசங்க வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். மணி ஆறே முக்கால், இன்று மீட்டிங் இல்லாத நாள். பெரியவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறேன்.