போர்க்காலப் பேச்சை எதைக்கொண்டு அளப்பது?

போர்க்காலத்தில் எந்த அரசியல்வாதி பொய் சொன்னார் என்று கொழும்பில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். சொல்பவரின் புள்ளடி எந்தச் சின்னத்துக்கு விழும் என்பதை அந்தப் பெயரிலிருந்தே ஊகித்துவிடலாம். ஆட்களை விட்டுவிட்டுக் கூற்றுகளை எடுத்தால் விடயம் சுவாரசியமாகிறது. எங்கள் போர்க்கால விவாதங்களில் அப்பட்டமான பொய் குறைவு என்பதே என் கணிப்பு. எதை எண்ணினார்கள், எந்தத் திகதியிலிருந்து எண்ணினார்கள், எப்போது எண்ணுவதை நிறுத்தினார்கள் என்ற மூன்று இடங்களில்தான் கைவரிசை நடந்திருக்கிறது. அதைப் பிடிக்கும் கருவிகள் எல்லாம் பொதுவெளியில் கிடக்கின்றன.

முதலாவது ஹன்சாட், அதாவது பாராளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவு. அண்மைய ஆண்டுகளுக்குரியவை பாராளுமன்ற இணையத்தளத்தில் உண்டு. பழையவற்றுக்குக் கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டும். முன்னட்டையில் 'பிழை திருத்தப்படாதது' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பிரதி கிடைத்து இரு வாரங்களுக்குள் உறுப்பினர் தம் திருத்தங்களைப் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம். அதனால் ஒரே உரைக்கு இரண்டு வடிவம் இருக்கக்கூடும். சபாநாயகரோ தலைமை தாங்கியவரோ நீக்கச் சொன்ன பகுதி இருந்த இடத்தில், அது அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டது என்ற குறிப்பு மட்டும் நிற்கும். மறுநாள் பத்திரிகையில் வந்த ஒரு வசனம் ஹன்சாட்டில் இல்லை என்பதற்காகப் பத்திரிகைதான் பொய் எழுதியது என்று பாயக்கூடாது.

பழைய கோப்புகளில் தமிழ், சிங்களப் பகுதிகளில் சொல் தேடல் பெரும்பாலும் கைகொடுக்காது. எழுத்துரு யுனிகோட் அல்ல. முன்னட்டையிலுள்ள 'பிரதான உள்ளடக்கம்' பட்டியலைப் பார்த்துப் போவதுதான் வழி. இன்னொன்று, உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே உரை அச்சாகிறது. தமிழ்ப் பகுதிகளை மட்டும் வாசிக்கிறவருக்கு அமைச்சர் தன் தொகுதி மக்களுக்குச் சொன்னது தெரியாமலே போகும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சபைக்குள் தமிழில் நல்லிணக்கம், சிங்களத்தில் வேறொன்று என்று பேசியவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருந்தார்கள்.

சபைக்குள் பேசியதையும் வெளியே பேசியதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வதும் முக்கியம். 1953 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டத்தின்படி சபைக்குள் சொன்னதற்காக எவரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அமளியில் வீசப்படும் குற்றச்சாட்டு அதே ஆளால் வெளியில், ஒலிவாங்கிக்கு முன்னால் திருப்பிச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். சொல்லப்படவில்லை என்றால் அதற்கு நான் அரை மதிப்பெண்தான் கொடுப்பேன்.

இனி எண்களுக்கு வருவோம். 2005 ஓகஸ்ட் 12 அன்று வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டதும் அவசரகால நிலை மீண்டும் வந்தது. 2011 ஓகஸ்ட் வரை அது நீடித்தது. அரசியலமைப்பின் 155 ஆம் உறுப்புரைப்படி அதற்கு ஆயுள் ஒரு மாதம். ஆகவே ஆறு ஆண்டுகளும் மாதம் தவறாமல் அதை நீடிக்க ஒரு விவாதம் நடந்தது. ஆய்வு செய்பவருக்கு இது பொக்கிஷம். ஒரே பொருள், ஒரே சபை, பெரும்பாலும் ஒரே பேச்சாளர்கள், மாதாமாதம். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அந்த மாதத்தில் கொல்லப்பட்ட, காயமடைந்த படையினரின் தொகையையும் அதில் வாசிப்பார். 2008 இன் பிற்பகுதியில் அந்த எண்கள் வருவது நின்றுபோனது. மொத்தம் 2009 மே மாதத்தில்தான் வந்தது. நான்காம் ஈழப்போரில் (2006–2009) 6,261 படையினர் பலி, 29,551 பேர் காயம் என்று பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ சொன்னார்.

இங்கே செய்ய வேண்டியது வெறும் கழித்தல். மாதாந்த எண்களை அது நின்ற மாதம் வரை கூட்டி, 6,261 இலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது, சபைக்கு அந்தந்த மாதத்தில் சொல்லப்படாத கடைசிக் கட்டத்தின் விலை. இதில் கணக்குப் பிசகுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: பொலிஸும் சிவில் பாதுகாப்புப் படையும் ஒரு எண்ணில் சேர்ந்து மற்றதில் சேராமல் இருக்கும். காணாமற்போனவர்கள் பலியில் வரமாட்டார்கள். தொடக்கத் திகதி மாறியிருக்கும். மூன்றையும் பக்க ஓரத்தில் குறிக்காமல் கூட்டினால் உங்கள் விடையும் ஒரு மேடைப் பேச்சாகிவிடும். எதிரியின் இழப்புக்கும் இதே முறைதான். கொல்லப்பட்டதாக அறிவிக்கப்பட்ட புலிகளை மாதாமாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள். எஞ்சியிருப்பதாக அதே தரப்பு அறிவித்த பலம் அதற்கேற்பக் குறைகிறதா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு வரிசைகளும் ஒத்துப்போகாத இடத்தில் ஏதோ ஒன்று ஊதப்பட்டது.

போரின் கடைசியில் வன்னியில் எத்தனை பொதுமக்கள் சிக்கியிருந்தார்கள் என்ற கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு எண் எப்படி ஆட்களின் வயிற்றில் கைவைக்கும் என்பதை இதைப்போல் காட்டும் வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. 2009 தொடக்கத்தில் அரச தரப்பு சொன்னது ஏறத்தாழ 70,000. அங்கேயே கடமையிலிருந்த மாவட்ட அரச நிர்வாகம் பெப்ரவரியில் சொன்னது ஏறத்தாழ 330,000. மே முடிவில் வவுனியா முகாம்களில் இருந்தவர்கள் 280,000 க்கு மேல். 70,000 பேரிலிருந்து 280,000 பேர் வெளியே வர முடியாது. வாதம் அவ்வளவுதான்.

'இத்தனை தொன் உணவு அனுப்பினோம்' என்ற வசனம் வரும்போது இதையே வேறு பக்கத்திலிருந்து சோதிக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 70,000 பேருக்கு நாளொன்றுக்கு 35 தொன் தேவை, 330,000 பேருக்கு 165 தொன். ஒரு கப்பலில் 500 தொன் போனது என்று அமைச்சர் சொன்னால் அவருடைய எண்ணில் அது இரு வாரச் சாப்பாடு, கச்சேரி (மாவட்ட நிர்வாக) எண்ணில் மூன்று நாள். தொன் கணக்கு உண்மையாகவே இருக்கலாம். வகுக்கும் எண்ணைச் சொல்லாமல் விட்டதில்தான் நேர்மையீனம் இருக்கிறது.

பொதுமக்கள் இறப்பிலும் இரு பக்கமும் சரியாக மேற்கோள் காட்டுவதில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல், 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தக்க பல தரப்புகள் மதிப்பிட்டதாக எழுதியது. தமிழ் மேடைகளில் அது 'ஐ.நா. உறுதிசெய்த 40,000' ஆனது. தெற்கு மேடைகளில் 'ஐ.நா. இட்டுக்கட்டிய 40,000' ஆனது. ஒரு பொதுமகன்கூடச் சாகவில்லை என்று நின்ற அரசும், அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையில், இழப்பை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை என்ற இடத்துக்கு வந்தது. நிலைப்பாடு நகர்ந்த திகதியைக் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகும் பழைய வசனத்தையே பேசிய அமைச்சர்களுக்குத் தெரியாது என்ற சாட்டு இல்லை.

தமிழ் உறுப்பினர்களையும் இதே தராசில் வைக்க வேண்டும். 2008, 2009 உரைகளில் ஷெல் வீச்சும் மருந்துத் தட்டுப்பாடும் இடம், திகதியோடு பதிவாகியிருக்கின்றன. அந்த வேலை மதிக்கத்தக்கது. அதே உரைகளில் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பையும், தப்பி வந்தவர்கள் சுடப்பட்டதையும் தேடுங்கள். சிக்குவது சொற்பம். மேற்சொன்ன நிபுணர் குழு இரண்டையும் எழுதியது. அந்த மௌனத்துக்கு உயிர்ப்பயம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கணக்கில் அது விடுபட்ட எண்தான்.

எதிர்க்கட்சி என்றால் உண்மையின் பக்கம் என்று நினைப்பவர்கள் ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) 2007, 2008 பேச்சுகளை வாசிக்கட்டும். கிழக்கில் படையினர் பிடித்த தொப்பிகல வெறும் காடு என்றார்கள். ஆனையிறவுக்கு (சிங்களத்தில் அலிமங்கட) போவதாகச் சொல்லிவிட்டுப் பாமன்கடைக்குப் போகிறார்கள் என்று ஒரு எம்.பி. கிண்டலடித்தார். வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பாமன்கடை அப்படித்தான் போர் வரலாற்றுக்குள் வந்தது. ஆனையிறவு 2009 ஜனவரியில் படையினர் வசமானது. ஒரு வருடம் கழித்து, 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலில், அதே படையை நடத்திய சரத் பொன்சேகாவை ஐ.தே.க.வும் ஜே.வி.பி.யும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரித்தன. அவரை வீரர் என்று கொண்டாடிய அரசு பெப்ரவரி 8 அன்று கைதுசெய்தது. இந்த ஒரு ஆளைப் பற்றி ஒவ்வொரு கட்சியும் 2008 இலும் 2010 இலும் சொன்னதைப் பக்கம் பக்கமாக ஒட்டிப் பாருங்கள். பக்கம் மாறியதும் தீர்ப்பும் மாறியவர்களையும், மாறாமல் நின்ற சிலரையும் அது பிரித்துக் காட்டும். அந்தச் சிலர் யார் என்று தேடுவது நல்ல பயிற்சி.

பேச்சைவிட வாக்கு நம்பகமானது. பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடந்த நாட்களில் ஆம், இல்லை என்ற பட்டியல்கள் ஹன்சாட்டில் வரும். இரண்டிலும் பெயரில்லாதவர்களை நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அந்த நாளைய முழு உறுப்பினர் பட்டியல் தேவை. காலையில் அவசரகாலச் சட்டத்தை வறுத்தெடுத்துவிட்டு வாக்கெடுப்பு மணி அடிக்கும்போது காணாமற்போனவர்களின் உரைகளை அதற்கேற்ற மரியாதையோடு வாசியுங்கள்.

பணக் கணக்கு சலிப்பான வேலை, ஆனால் இதைப்போல் திடமான சான்று இல்லை. ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் பாதுகாப்பு அமைச்சு தலைப்பு 103, இராணுவம் 222, கடற்படை 223, விமானப்படை 224. 2009 க்கு ஒதுக்கியது ஏறத்தாழ 177 பில்லியன் ரூபாய். விவாதத்தில் அடிபடுவது இந்த ஒதுக்கீடுதான். ஆண்டின் நடுவில் குறைநிரப்பு மதிப்பீடாக வருவது சபையில் அவ்வளவு சத்தமில்லாமல் போகும். உண்மையில் செலவானது, பிந்திய ஆண்டு மதிப்பீட்டு நூலில் முன்னைய ஆண்டுக்குரிய நிரலில் அச்சாகியிருக்கும். ஒப்பிட வேண்டியது ஒதுக்கீட்டையும் அந்த நிரலையும்.

கொழும்புக்கே உரிய ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். தாமாக விரும்பிப் போனார்கள் என்பது முதல் விளக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகு பாதுகாப்புச் செயலாளர் அந்த நடவடிக்கை நியாயமே என்றார். விரும்பிப் போனவர்களுக்காக வருத்தம் எதற்கு, நியாயப்படுத்தல் எதற்கு? இத்தகைய விடயங்களில் ஊடக அறிக்கையை விட்டுவிட்டு வழக்குக் கோவைக்குப் போங்கள். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற நிலையில் எழுதப்படுவது சத்தியக் கடதாசி மட்டுமே.

கோவையில் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கம். தேசியப் பாதுகாப்பு என்று 5 ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். ஆகவே 'போரில் நடந்தது என்ன' என்று கேட்காதீர்கள். இன்ன திகதியில் இன்ன திணைக்களம் இன்ன மாவட்டத்துக்கு அனுப்பிய உலர் உணவின் தொன் அளவு, அதற்கு அடிப்படையாக வைத்த ஆட்தொகை என்று கேளுங்கள். விண்ணப்பத்தைப் பாதுகாப்பு அமைச்சுக்கு அனுப்பாமல் உணவுக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இரு இடங்களிலிருந்தும் இரு வேறு ஆட்தொகை வந்தால் இரு கடிதங்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.