டெபோராவின் படம்

ஜூன் 7, சனி

'தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியெட்டா லாக்ஸ்' படத்தை நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன். ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக 2017-ல் ஜார்ஜ் சி. வுல்ஃப் இயக்கியது. அறிவியல் எழுத்தாளர் ரெபேக்கா ஸ்க்லூட் வருஷக்கணக்காக அலைந்து எழுதி 2010-ல் வெளியிட்ட புத்தகம்தான் மூலம். படத்தின் நீளம் ஒன்றரை மணி நேரம்தான். புற்றுநோயாளியான ஹென்ரியெட்டாவின் உடம்பிலிருந்து 1951-ல் எடுத்த செல்கள் சாகாமல் பெருகியதையும், உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் போனதையும் ஆரம்பத்திலேயே மளமளவென்று காட்டி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் படம் முழுக்க அவருடைய மகள் டெபோராதான். அந்த வேடத்தில் ஓப்ரா வின்ஃப்ரே.

புத்தகத்தை நேசிக்கும் பலருக்கு இதில்தான் வருத்தம். அறிவியல் எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். நான் இயக்குநர் பக்கம். அறிவியலைச் சொல்லப் பாடப்புத்தகம் இருக்கிறது. அம்மாவின் முகம்கூட நினைவில்லாத ஒரு பெண், அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் தெரிந்திருக்க, தனக்கு மட்டும் எதுவும் தெரியாமல் ஐம்பது வயதை நெருங்கிய கதையை யார் சொல்வது?

ஜூன் 8, ஞாயிறு

புத்தகத்தைத் திரும்ப எடுத்து 1951 பகுதிகளை மட்டும் படித்தேன். ஹென்ரியெட்டா வர்ஜீனியாவின் குளோவர் என்ற ஊரில் புகையிலை வயலில் வளர்ந்தவர். கல்யாணமாகி பால்டிமோர் பக்கம் வந்து சேர்ந்தார். ஐந்து குழந்தைகள். ஜனவரி 29 அன்று, உள்ளே ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கறுப்பின மக்களுக்குத் தனி வார்டு வைத்திருந்த காலம். சுற்றுவட்டாரத்தில் ஏழைக் கறுப்பினத்தவருக்குப் போக்கிடமாக இருந்ததும் அதுதான்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. கதிரியக்கச் சிகிச்சைக்காக ரேடியம் வைப்பதற்கு முன்னால், மயக்கத்தில் இருந்தவரிடமிருந்து கட்டியில் ஒரு துண்டும் நல்ல திசுவில் ஒரு துண்டும் வெட்டி எடுத்தார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டும் ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்குப் போயின. மனித செல்களை உடம்புக்கு வெளியே வாழவைக்க அவர் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார். உதவியாளர் மேரி குபிசெக் குழாய்களின் மேல் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்று எழுதினார். நல்ல திசு சில நாளில் செத்துப்போயிற்று. கட்டியின் செல்கள் ஒரே நாளில் இரட்டிப்பாயின.

அதே வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ஹென்ரியெட்டா இறந்துவிட்டார். வயது 31. பிரேதப் பரிசோதனை நடந்தபோது மேரி அந்த உடலின் கால் நகங்களைப் பார்த்தார். சிவப்புச் சாயம் பூசி, அங்கங்கே உதிர்ந்திருந்தது. யாரோ ஒரு பெண் உட்கார்ந்து அந்தச் சாயத்தைப் பூசியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். எட்டு மாதம் அந்தச் செல்களுக்கு அன்றாடம் தீனி போட்டவர் அவர்! இந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

ஜூன் 11, புதன்

1973 வரை குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. அதற்குள் ஹீலா செல்களைப் பெருக்குவதற்கென்றே அலபாமாவின் டஸ்கிகீயில் ஒரு கூடம் நடந்து, போலியோ தடுப்பூசிச் சோதனையும் முடிந்து, வியாபாரமும் தொடங்கியிருந்தது. ஹீலா மற்ற செல்களோடு கலந்து ஆராய்ச்சிகளைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், அடையாளம் பிரிக்கப் பிள்ளைகளின் ரத்தம் தேவைப்பட்டது. ஆய்வாளர்கள் வந்து எடுத்துப்போனார்கள்.

எதற்கு என்று டெபோராவுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. தனக்கும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று அவர் நம்பினார். அம்மா செத்த வயது நெருங்குகிறதே என்ற பயத்தில் முடிவுக்காகக் காத்திருந்தார். இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்கப் போனபோது விக்டர் மெக்குசிக், மருத்துவ மரபியலின் தந்தை என்று பெயர் பெற்றவர், தான் தொகுத்த புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் புரட்டினால் உள்ளே அம்மாவின் போட்டோ. விளக்கமெல்லாம் அவருக்கு எட்டாத மொழியில்.

படத்தில் ஓப்ரா திடீர் திடீரென்று சிரிக்கிறார், கத்துகிறார், ரெபேக்காவையே சந்தேகப்பட்டு மேலே பாய்கிறார். மிகை நடிப்பு என்று எழுதியவர்கள் உண்டு. லண்டன் தெருவில் அம்மாவின் நகல்கள் நடமாடுகின்றன என்று நம்பிப் பயந்தவர் டெபோரா. விஷயத்தை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போனால் மனுஷிக்கு என்னவெல்லாம் தோன்றும்? அந்தக் கொந்தளிப்பை ஓப்ரா அடக்கி வாசித்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

ஜூன் 14, சனி

டெபோராவும் தம்பி ஜகாரியாவும் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் அம்மாவின் செல்களை முதன்முதலாகப் பார்க்கும் காட்சியை இன்று தனியாக மறுபடி போட்டேன். புத்தகத்திலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். உறைந்த சின்னக் குப்பியை வாங்கியதும் டெபோரா என்ன செய்வார் தெரியுமா? அம்மாவுக்குக் குளிருகிறது என்று உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதுவார். அப்புறம் குப்பியை உதட்டருகே கொண்டுபோய், நீ பேர் வாங்கிவிட்டாய் என்று ரகசியமாகச் சொல்வார். ஜகாரியாவாக ரெஜ் ஈ. கேத்தி. வாழ்நாள் கோபத்தை முகத்தில் சுமந்துகொண்டு வரும் அந்தப் பெரிய உருவம் மைக்ரோஸ்கோப் முன்னால் அமைதியாகிறது.

என் வேலை செல் கல்ச்சர், அதாவது ஆய்வகத்தில் செல்களை வளர்ப்பது. வாரத்தில் இரண்டு முறையாவது ஹீலா பிளாஸ்க்கை 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து எடுக்கிறேன். செல்கள் வளரும் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம், மீடியம், மஞ்சளடித்திருந்தால் அதில் அமிலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டியதைப் பிரித்துவிடும் டிரிப்சின் என்ற நொதியை விட்டு லேசாகத் தட்டினால், தரையோடு ஒட்டிக்கிடந்த செல்கள் உருண்டு திரண்டு மிதக்கும். கொஞ்சத்தைப் புது பிளாஸ்க்கில் விட்டு, மிச்சத்தை பிளீச்சில் கொட்டிவிடுவோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அச்சுப் பிசகாமல் சொல்லித்தருகிறோம். மூடியில் எழுதும் அந்தப் பெயர் யாருடையது என்பதும் அதோடு சேரவேண்டும். திங்கட்கிழமை வரும் மாணவிக்கு முதல் பாடமாக அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

எல்சியைப் பற்றி நேற்றே எழுதியிருக்கவேண்டும், மனசு வரவில்லை. எல்சி டெபோராவின் அக்கா. வலிப்பு நோய்க்காரி. கிரவுன்ஸ்வில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1955-ல் 15 வயதில் அங்கேயே இறந்தாள். அந்த வருஷம் அங்கே 2,700 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். வலிப்பு நோயாளிகளின் மூளையைச் சுற்றியுள்ள நீரை வடித்து, காற்றைச் செலுத்திப் படம் பிடிக்கும் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது.

டெபோராவும் ரெபேக்காவும் அங்கே போய்த் தேடுகிறார்கள். பழைய பதிவேட்டில் ஒரு போட்டோ கிடைக்கிறது. யாரோ ஒருவரின் கைகள் எல்சியின் தலையைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பிள்ளை அழுகிறாள். அறிவியலைக் குறைத்ததால் மிஞ்சிய நேரம் இங்கேதான் செலவாகியிருக்கிறது. செல்களின் புகழ் பாடும் எந்தக் கட்டுரையிலும் எல்சி கிடையாது.

ஜூன் 21, சனி

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். ஹென்ரியெட்டாவாக வரும் ரெனே எலிஸ் கோல்ட்ஸ்பெரிக்குக் கிடைத்தது துண்டு துண்டான சில காட்சிகள்தான். சிகிச்சை எடுத்த அந்த மாதங்களுக்கு ஒரு இருபது நிமிஷமாவது கொடுத்திருக்கலாம்.

புத்தகம் அச்சாகி வருவதைப் பார்க்க டெபோரா இல்லை. 2009 மே மாதம் காலமானார். 2013-ல் ஹீலாவின் முழு மரபணு வரிசையைக் குடும்பத்திடம் கேட்காமலே ஓர் ஆய்வுக்குழு வெளியிட, எதிர்ப்பு கிளம்பி அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்தத் தரவு வேண்டுமென்றால் விண்ணப்பிக்கவேண்டும், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தார் இரண்டு பேர் உட்காருவார்கள். செல்களை விற்று லாபம் பார்த்ததாகத் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்ததாக 2023 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்தார்கள். ஹென்ரியெட்டா பிறந்த தேதி அது. வழக்கு முடிவு படத்துக்கு ஆறு வருஷம் பிந்தியது, விட்டுவிடலாம். 2013 ஒப்பந்தத்துக்கு மட்டும் கடைசியில் ஒரு முழுக் காட்சி வைத்திருக்கலாம். அம்மாவின் செல்களைப் பற்றிய தாள்களைப் பேரப்பிள்ளைகள் மேஜையில் வைத்து வாசித்து, சரி என்றோ கூடாது என்றோ சொல்வதை டெபோரா பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!