கோட்டுக்கு உள்ளே

சிங்கப்பூரில் ஓவியக் கூடமொன்றில் படைப்புகளைப் பிரித்து மாட்டும் வேலை எனக்கு. கடல் கடந்து வரும் மரப்பெட்டியை உடனே திறக்கமாட்டோம். உள்ளிருப்பது கூடத்தின் காற்றுக்குப் பழக ஒரு நாள் விடுவோம். பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கீறலையும் அறிக்கையில் எழுதுவோம்.

ஒருமுறை வந்தது செங்கல் பொடியும் கயிறும். கலைஞரின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் தரையில் குவித்து முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. துப்புரவு செய்யும் அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

“இதைக் கூட்டலாமா, தம்பி?”

“வேண்டாம் அக்கா, அது கலைப்படைப்பு.”

“அப்படியானால் எதுவரை கூட்டலாம் என்று ஒரு கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.”

குவியலைச் சுற்றி நாடா ஒட்டினேன். கலையாக்கியது கலைஞரா, இந்த நாடாவா என்ற கேள்வி அன்று என்னைத் தூங்கவிடவில்லை. 1964-இல் அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல், பாத்திரம் தேய்க்கும் ‘பிரில்லோ’ நார் கடைக்கு வரும் பெட்டிகளைப் போலவே மரத்தில் செய்து நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். இரண்டையும் பிரிப்பது கண்ணுக்குத் தெரிவதல்ல, கலை வரலாறும் கோட்பாடும் சேர்ந்த சூழல்தான் என்றார் தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ. 2001-இல் லண்டனில் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் படைப்பாக அடுக்கிவைத்த காபிக் கோப்பைகளையும் சாம்பல் கிண்ணங்களையும் துப்புரவாளர் ஒருவர் குப்பையென்று அள்ளிவிட்டார். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். அவருக்கு யார் கோடு போட்டுக் காட்டினார்கள்?

அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்காவில் பூக்கட்டுகிறார். பேசிக்கொண்டே கட்டுவார், விரல் ஒரு மல்லிகையைக்கூடக் கசக்காது. அறுபத்துநான்கு கலைகளில் மாலை தொடுத்தலும் ஒன்று என்றேன்.

“கலையா? சாயங்காலமே வாடிவிடுகிறதே, தம்பி.”

வாடுவதால் கலை இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. டான்டோ சொன்ன சூழல் அவர் விரல்களுக்குத் தேவைப்படவும் இல்லை. குவியலுக்குத் தேவைப்பட்டது, அதை மறுக்க மாட்டேன்.

கண்காட்சி முடிந்தது. பொடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கலைஞர் எழுதியிருந்தார். நாடாவை உரித்தேன். அக்கா கூட்டிக்கொண்டே வந்தவர், கோடு இருந்த இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான் துடைப்பம் உள்ளே போனது.