பழைய அலுமினிய சைக்கிள்: ஓட்டலாமா?

ஜூன் 8, 2024, சனி

அக்கா மகன் கல்லூரி சீனியரிடமிருந்து ஒரு பழைய எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளை வாங்கி வந்திருக்கிறான். 26 இன்ச் சக்கரம், வி-பிரேக், முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், ஃப்ரேமில் 6061 என்ற அலுமினியக் கலவை எண் போட்ட ஸ்டிக்கர். வயது பதினைந்தைத் தாண்டியிருக்கும். "மாமா, ஒரு பொட்டு துரு இல்ல பாருங்க" என்கிறான். மருதமலை ரோட்டில் ஏறி இறங்க ஆசை.

அலுமினியத்துக்குத் துரு இல்லாதது நற்சான்று ஆகாது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான அழுத்தம் எத்தனை லட்சம் முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. சின்னக் குலுக்கலும் கணக்கில் ஏறும். குழாய்களைப் பருமனாகச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்: அழுத்தம் குறைந்தால் ஆயுள் கூடும். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனையில் பெடல் விசையை 1 லட்சம் முறை கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அது புது ஃப்ரேமுக்கு வைக்கும் தேர்வு.

ஆகவே வயதைவிட வரலாறுதான் முக்கியம். பத்து வருடம் சுவரில் தொங்கியதா, ரெண்டே வருடம் திட்டுகளிலிருந்து குதித்ததா? சீனியருக்குப் போன் போட்டோம். அவரும் வேறொருவரிடம் வாங்கியதுதானாம். சரி, உலோகத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, வெயிலில் தலைகீழாக நிறுத்தினோம். பார்க்க வேண்டியது வெல்டு ஓரங்களைத்தான்: ஹெட் டியூபும் (ஃபோர்க் செருகும் முன் குழாய்) டவுன் டியூபும் (அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) சேரும் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றி, பின் சக்கரம் மாட்டும் இடம், சீட் கிளாம்ப் அடியில் உள்ள வெட்டுப் பிளவின் நுனி. சீட் போஸ்டைக் கழற்றினால் வெள்ளைப் பொடி, அரிப்பு லேசானதுதான். குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக்கோடு வெளியே தெரியும்படி யாரோ ஓட்டியதற்கான தேய்மானமும் இருந்தது. அப்படி ஓட்டினால் நெம்புகோல் விசை முழுவதும் குழாயின் மேல் நுனியில் விழும்.

ஹேண்டில்பாரில், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் கடித்த இடத்தில் ஆழமான கீறல். யோசிக்கவே தேவையில்லை, அது குப்பைக்கு. ஹேண்டில்பார் முறிவதற்கு முன் எச்சரிக்கை செய்யாது. ரிம்மில் ஸ்கேலை வைத்தால் பிரேக் படும் பக்கம் குழிந்திருக்கவில்லை. செயின், டயர் எல்லாம் காசு விஷயம், விட்டுவிட்டேன்.

டவுன் டியூப் அடிப்பக்க வெல்டு ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு. பெயின்ட் வெடிப்பா, உலோக வெடிப்பா? நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அது போதாது.

ஜூன் 12, புதன்

கோவையில் வார்ப்புப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வால்வு வார்ப்புகளைச் சோதிக்கும் நண்பரிடம் கொண்டு போனேன். அங்கே எல்லோரும் சொல்வது டிபி டெஸ்ட்: விரிசலுக்குள் சாயத்தை ஊறவிட்டு, டெவலப்பர் பூசி அதை வெளியே இழுத்துப் பார்ப்பது. முதலில் பெயின்ட்டை ரிமூவர் போட்டு எடுத்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக்கூடாதாம்; மென்மையான உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு சிவப்பு ஸ்பிரே, காத்திருப்பு. துணியை கிளீனரில் நனைத்துத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர்.

சில நிமிடங்களில் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து வந்தது. வெல்டு ஓரம் நெடுக, சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு. இனி சந்தேகமில்லை.

ஜூன் 13, வியாழன்

பையன் அடுத்து கேட்டது: "வெல்டு வெச்சிடலாம்ல மாமா?" பட்டறை அண்ணன் அழகாகவே டிக் வெல்டிங் செய்வார். ஆனால் 6061 ஃப்ரேமின் பலம் வெல்டுக்குப் பின் கொடுக்கும் சூட்டில் இருக்கிறது: முழு ஃப்ரேமையும் 530 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு குறைந்த சூட்டில் மணிக்கணக்காகப் பதப்படுத்துவார்கள். இதில்லாமல் ஒட்டினால் வெல்டுக்கு அருகே பலம் ஏறக்குறைய பாதியாகும். அதுவும் முன் சக்கரத்தைத் தாங்கும் இணைப்பில். இறக்கத்தில் அது விட்டுக்கொடுத்தால் முகம்தான் முதலில் தரையில்.

முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் முடியாது என்று சொன்னேன், அக்காவிடமும் சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

சக்கரம், கிராங்க், பிரேக் லீவர்களைக் கழற்றி வைத்தோம். ஃப்ரேமை இருவரும் ஹேக்ஸாவால் குறுக்கே அறுத்துவிட்டு எடைக்குப் போட்டோம்; முழுசாகக் கொடுத்தால் இன்னொருவர் பெயின்ட் அடித்து ஓட்டுவார்.

கழற்றிய பாகங்களுக்குப் பொருந்தும் எஃகு ஃப்ரேம் ஒன்றை உக்கடம் பக்கம் தேடுகிறான். கிடைத்தால் புது ஸ்டெம், புது ஹேண்டில்பார் என் செலவு. போல்ட்டை, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து, ஸ்டெம்மில் அச்சிட்ட அளவுக்குத்தான் முறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.