சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போனான்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையின் நோயாளர் சந்திப்புக் குழுவில் நான் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் கண்ட ஒன்றை நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். எங்கள் ஊரைப் போன்ற தோட்டப் பட்டணங்களில், பிறரைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஒருவரின் தலையில் விழுகிறது. சொந்தக் கார் வைத்திருக்கும் அக்கா, மலாய்மொழிப் படிவங்களை நிரப்பத் தெரிந்த அண்ணன், போதகரின் மனைவி, அல்லது கல்யாணமாகாமல் தாயோடு தங்கிவிட்ட மகள் என்று யாரோ ஒருவர் எல்லாருக்கும் எல்லாமாக ஆகிவிடுகிறார். அவருடைய அன்பைச் சபையே மெச்சுகிறது. அவர் ஒரு நாள் இயலாது என்று சொன்னால் மட்டும், விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று சந்தேகிக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. பிள்ளை பிறந்தாலும், காய்ச்சல் கண்டாலும், சாவு விழுந்தாலும் வரிசை முழுவதும் வந்து நின்றது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போகும் தாய்மார்கள் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே யாரும் உதவிக்கு எவ்வளவு வரம்பு என்று பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் சுமை பல வீடுகளுக்கிடையே தானாகவே பங்கிடப்பட்டிருந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நம் மக்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றார்கள். லயம் கலைந்தது, ஆனால் லயத்தில் இருந்த எதிர்பார்ப்பு கலையவில்லை. முன்பு ஒரு வரிசையே சுமந்ததை இன்று ஓர் அக்காவிடம் எதிர்பார்க்கிறோம்.

இங்கே ஒன்றை நினைவுகூர விரும்புகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், எங்கள் ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் கூலியிலிருந்து சிறு சிறு தொகையாகச் செலுத்தினார்கள், அந்தப் பணத்தால் சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஒருவரால் ஆகாததைப் பலர் பங்கிட்டுச் செய்யும் வழி நம் மக்களுக்குப் புதிதல்ல. சபைக்குள் வரும்போது ஏன் அதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நல்ல சமாரியனின் உவமையைத்தான் இந்த விஷயத்தில் அடிக்கடி நமக்கு எதிராக எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் லூக்கா 10-ஆம் அதிகாரத்தை இறுதிவரை வாசிப்பவர்கள் குறைவு. கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போன ஒருவனை வழியில் கண்டு சமாரியன் மனதுருகி, அவனுடைய காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய் அந்த இரவு முழுவதும் பராமரிக்கிறான். மறுநாள் அவன் புறப்பட்டுவிடுகிறான். அவனுக்கு ஒரு பயணம் இருந்தது, அதை இயேசு குறையாகச் சொல்லவில்லை. போவதற்கு முன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையில் நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி என்று வருவதால், அது இரண்டு நாள் கூலி என்பது நாள்சம்பளத்துக்கு வேலை செய்த எங்கள் பெற்றோருக்குச் சொல்லாமலே புரியும். கொடுத்த தொகைக்கு ஓர் அளவு இருந்தது. அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்ன வாக்கும் இருந்தது. அன்பு, அளவு, பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தல், மீண்டும் வந்து பார்த்தல் ஆகிய நான்கும் ஒரே கதையில் இருக்கின்றன. காயப்பட்டவனைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய், தன் தொழிலையும் விட்டு, ஆண்டுக்கணக்கில் தனியாகவே வைத்துப் பார்த்தான் என்று இயேசு சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இயேசுவின் வாழ்க்கையும் அப்படியே இருந்தது. கப்பர்நகூமில் சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடியிருக்க, பலரைச் சொஸ்தமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றபோது, அவர் அந்த ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். தேடியவர்களில் உண்மையான நோயாளிகளும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தேவை இருக்கிறது என்பதாலேயே அதை நிறைவேற்றும் கடமை முழுவதும் நம்முடையதாகிவிடாது என்பதைக் கர்த்தர் தம் நடத்தையாலே காட்டியிருக்கிறார்.

எங்கள் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டும். கொண்டுபோய் விடுவது, மயக்கத்தோடு வருபவரைத் திரும்ப அழைத்து வருவது, இடையில் மளிகை வாங்கிக் கொடுப்பது எல்லாம் சேர்ந்தால் வாரத்தில் மூன்று நாள் போய்விடும். அது வருடக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம். ஒரு சகோதரி மனமிரங்கி, "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று முதல் வாரத்தில் சொல்லிவிடுகிறார். சில மாதங்களில் அவருடைய பிள்ளைகளின் படிப்பும், அவருடைய முதுகும், கணவரோடு பேசும் நேரமும் கெடுகின்றன. பிறகு அவர் சொல்லாமலே விலகிவிடும்போது நோயாளி நடுவழியில் நிற்கிறார். "புதன்கிழமை மட்டும் என்னால் முடியும்" என்று முதல் நாளிலேயே சொல்லியிருந்தால், மற்ற நாள்களுக்கு ஆள் தேட எங்களுக்கு நேரம் இருந்திருக்கும். மோசேயின் மாமன் எத்திரோ, காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரித்த மருமகனிடம், அவன் செய்வது நல்லதல்ல என்று நேரடியாகச் சொன்னார். அவனும் தொய்ந்துபோவான், அவனோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஜனங்களும் என்று அவர் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். வரம்பில்லாத பராமரிப்பு, பராமரிக்கப்படுகிறவரையும் கெடுக்கிறது.

படுக்கையில் இருக்கும் தாயைத் தனியாகப் பார்க்கும் மகள்களைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, விதவையின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் முதலில் தங்கள் குடும்பத்தை விசாரிக்க வேண்டும் என்கிறார். எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறார். வீட்டில் தங்கிவிட்ட ஒரு மகளை மட்டும் சொல்லவில்லை. தொலைவில் இருக்கும் அண்ணன் தம்பிகள் பணமாகவோ, மாதத்தில் ஒரு வார இறுதியில் வந்து தங்கியோ பங்கெடுக்க வேண்டும். இதைக் கேட்க அந்த மகளுக்குத் தயக்கமாக இருந்தால், சபை மூப்பர்கள் அவளுக்காகத் தொலைபேசியில் பேசலாம். பேச வேண்டும் என்பது என் கருத்து. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 2021-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அரசாங்கத்திடம் கை நீட்டுவது விசுவாசக் குறைவு என்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி எண்ண வேண்டாம்; சத்திரக்காரனின் உதவியும் உதவிதான்.

பணத்தைக் குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன். வட்டிக்காரனிடம் வாங்கிய கடனுக்காக யார் வந்து அழுதாலும், ரொக்கம் கொடுப்பதில்லை, பிணையாளியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. நீதிமொழிகளும் பிணைப்படுவதைப் பலமுறை எச்சரிக்கின்றன. அந்த வீட்டுக்கு அரிசியும் பால்மாவும் பள்ளிச் செலவும் கொடுக்கிறோம். குடிக்கும் கணவனின் கடனை மனைவிக்காக அடைத்து வந்தால், அவன் மனம் திரும்ப வேண்டிய நாளை நாமே தள்ளிப்போடுகிறோம். இயேசு சொன்ன உவமையில், தன் பங்கை வாங்கிப் போய் அழித்த கெட்ட குமாரனுக்குத் தூரதேசத்தில் பஞ்சம் உண்டானபோது தகப்பன் பணம் அனுப்பியதாக வேதத்தில் இல்லை; வீட்டின் வாசல் மட்டும் திறந்திருந்தது.

ஆனால் வரம்பு என்ற பெயரில் ஒதுங்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. ஒரு பெண் அடிபடுகிறாள், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால், "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று சொல்வது பாவம். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதனால்தான், "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், அந்தச் சத்தியத்தை முன்கூட்டியே கொடுக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்கிறோம். ஜெபித்துவிட்டு நாம் வீடு திரும்பிவிடுவோம்; அவள் இரவை அங்கேதான் கழிக்க வேண்டும்.

கொரிந்து சபைக்குக் காணிக்கையைப் பற்றி எழுதிய பவுல், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி அல்ல, சமநிலை இருக்கும்படியே சொல்கிறேன் என்கிறார். அந்தச் சமநிலைக்காகத்தான் எங்கள் சபையில் இப்போது ஓட்டுநர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறோம். ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. அவசரத்தைத் தவிர இரவு ஒன்பதுக்குப் பிறகு அழைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொடர விருப்பமா என்று கேட்கிறோம், விலகுகிறவர்களிடம் காரணம் கேட்பதில்லை. பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலை ஓய்வு பெற்று, காரும் நேரமும் உள்ள ஆண்கள் சபையில் பலர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலைக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. முன்வரக் கூடியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.