திரையில் இறங்கிய கூட்டல் குறிகள்

"தம்பி, என் மேற்பார்வையாளர் எஸ்.பி.எஸ்.எஸ். அட்டவணைதான் கேட்கிறார். இதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவேன்?"

"எதில் போட்டாலும் விடை ஒன்றுதானே, அக்கா. ஆர் போதும்."

இரண்டு ஆண்டுகள் ஆகியும், உடன் வேலை செய்யும் விரிவுரையாளரான அக்காவிடம் நான் சொன்ன அந்தப் பதில் என்னை விடவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர் (R) இரண்டும் ஆய்வுத் தரவுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் புள்ளியியல் மென்பொருள்கள். முதலாவதில் சுட்டியால் தேர்ந்தெடுக்கலாம்; ஆரில் கட்டளை எழுத வேண்டும்.

விரிவுரையாளர்கள் இத்தகைய பகுப்பாய்வைக் கற்க, கையில் இருந்த மானியம் மூவாயிரம் ரிங்கிட். அதைப் பிரிக்கும் பொறுப்பு என்னுடையது. என் கணக்கு தப்பென்று இன்றும் தோன்றவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். உரிமத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். மானியமோ ஒருமுறைதான் வரும். கோலாலம்பூர்ப் பயிலரங்குக்கு இருவரை அனுப்பலாம். மற்ற ஒன்பது விரிவுரையாளர்கள் என்ன செய்வார்கள்? ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இஹாக்காவும் ஜென்டில்மனும் உருவாக்கிய ஆர், 1995 முதல் எல்லாருக்கும் இலவசம். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில், பணம் தீர்ந்த பிறகும் கையில் நிற்பதைத்தான் கற்க வேண்டும் என்று கூட்டத்தில் வாதாடினேன். ஈப்போவிலிருந்து பயிற்றுநரை வரவழைத்தோம். நான்கு சனிக்கிழமைகள், பதினொரு பேர்.

அக்காவின் ஆய்வு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், வேலை முடிந்து வந்த தாய்மார்களுடன் உட்கார்ந்து அவரே நிரப்பிய 118 கேள்வித்தாள்கள். சிலவற்றில் தேநீர்க் கறைகூட இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, சராசரி காணும் கட்டளையை அடித்தார். கடைசி அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. அப்படி விட்டால் ஆர் பிழை என்று சொல்லாது; மிச்சத்தையும் எழுது என்பதுபோல ஒரு கூட்டல் குறியைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். அவர் எண்டர் தட்டினார். இன்னொரு கூட்டல் குறி. மறுபடியும் தட்டினார். ஏழெட்டுக் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. நான் பின்னால்தான் நின்றிருந்தேன். தானே கண்டுபிடித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று பேசாமல் இருந்தேன். அவர் மடிக்கணினியை மெல்ல மூடினார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

பிறகு, வெளியே ஒருவருக்குச் சொந்தப் பணம் கொடுத்துப் பகுப்பாய்வை முடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட செலவு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தானே அந்த மானியத்தையே கேட்டு வாங்கினோம்?

ஜமோவி என்று ஒன்று இருக்கிறது. ஆரின் மேலேயே கட்டப்பட்டது, அதுவும் இலவசம். எஸ்.பி.எஸ்.எஸ். போலவே சுட்டியால் தேர்ந்தெடுத்தால் அட்டவணை வந்துவிடும். அன்றே எனக்கு அது தெரியும். கட்டளை எழுதிப் படிப்பதுதான் படிப்பு என்று ஒதுக்கிவிட்டேன். நான் அப்படிப் படித்தவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததா என்று தேடிப் பார்க்கிறேன். ஆனாலும் பதினொருவரில் நான்கு பேர் இன்றும் ஆரில்தான் வேலை செய்கிறார்கள். ஒருவர் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். அதை எப்படி வீண் என்பது?

இந்த ஆண்டுக்கான மானியப் படிவம் மேசைமேல் இருக்கிறது. நிரப்புமுன் அக்காவிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். என்றுதான் சொல்வார். முடியாது என்றுதான் நானும் சொல்வேன் போலிருக்கிறது.